காக்கும் பை ஏன் வெடித்தது?

கார் மோதியதும், கண் இமைப்பதற்குள் ஏர்பேக் விரிய வேண்டும். அதற்கான வாயுவை உண்டாக்க ஜப்பானின் டகாட்டா நிறுவனம் மலிவான அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. சிக்கல் அங்கேதான்.

இந்த உப்பு ஈரத்தை உறிஞ்சும். ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போதெல்லாம் அதன் படிக அமைப்பும் பருமனும் மாறும். பகல் வெயில், இரவுக் குளிர் என ஆண்டுக்கணக்கில் பட்டால் அந்த உப்பை இறுக்கிச் செய்த வில்லை உதிர்ந்துபோகும். விறகைவிடச் சுள்ளி சட்டெனப் பற்றுமே, அதுபோல உதிர்ந்தது வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் அதை அடைத்துவைத்த உலோகக் கூடு சிதறும்.

அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. அத்தனைக்கும் உடனே மாற்றுப் பாகம் ஏது? வெப்பமும் ஈரமும் மிகுந்த ஃபுளோரிடா போன்ற பகுதிகளுக்கே முன்னுரிமை. மற்றவர்கள் திரும்ப அழைப்புக் கடிதத்தோடு காத்திருந்தார்கள். சிலருக்குக் கிடைத்த மாற்றிலும் அதே ரசாயனம்தான். அதையும் பின்னர் மாற்ற வேண்டியிருந்தது!

2017-இல் டகாட்டா திவாலானது.