சேதப்பட்ட செல்லைத் தேடும் கேமரா

வேம்பார் உள்ளிட்ட முத்துக்குளித்துறை ஊர்களுக்குத் தெரிந்த பழைய வழக்கம் ஒன்று உண்டு. குளிப்புக்கு முன் அதிகாரிகள் கடலடிப் பாரிலிருந்து சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, ஆயிரத்துக்கு எவ்வளவு முத்து தேறும் என்று கணக்குப் பார்ப்பார்கள். கட்டுப்படியானால்தான் குளிப்பு. 1961இல் கடைசிக் குளிப்போடு அந்தக் கணக்கும் நின்றுபோனது. ரத்த செல்களில் கதிர்வீச்சால் நேரும் குரோமோசோம் சேதத்தைத் தேடுவதும் சிப்பி திறக்கும் வேலைதான். கதிர்வீச்சு படாதவர் ரத்தத்தில் ஆயிரம் செல்லைப் பார்த்தால் ஒன்றில் அகப்படலாம், அகப்படாமலும் போகலாம்.

தென்கரையின் தாதுமணலுக்கும் இந்தத் தேடலுக்கும் தொடர்பு இருக்கிறது. 2013இல் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் தாதுமணல் அள்ளப்படுவதை ஆய்வு செய்ய ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைந்தபோது, மோனசைட் என்ற பெயர் செய்திகளில் அடிபட்டது. கதிர்வீசும் தோரியம் கலந்த தாது அது. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கொல்லம் கரையிலும் அது மிகுதி. கொல்லம் கரையில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் சோதித்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். 10,230 குழந்தைகள், 9,64,140 செல்கள். கதிர்வீச்சு கூடிய பகுதிக்கும் சாதாரணப் பகுதிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வேறுபாடு இல்லை என்று சொல்லத்தான் இத்தனை செல் தேவைப்படுகிறது!

தேடப்படுவது என்ன? ரத்த வெள்ளையணுக்களை 48 மணி நேரம் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் மருந்தால் நிறுத்தி, கண்ணாடியில் சொட்டி, சாயம் ஏற்றுவார்கள். ஒவ்வொரு குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் என்ற ஒரு குறுகல் தெரியும். கதிர் பட்டு முறிந்த இரண்டு குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொண்டால் ஒன்றிலேயே இரண்டு குறுகல். அதுதான் 'டைசென்ட்ரிக்'.

இதைத் தானாகத் தேடும் கருவிகள் உண்டு. ஜெர்மனியின் 'மெட்டாஃபர்' போன்ற கருவியில் மைக்ரோஸ்கோப்பின் மேடை தானே நகர்கிறது. குறைந்த உருப்பெருக்கத்தில் பிரியும் செல்களைக் கண்டுபிடித்து, பிறகு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் படமெடுக்கிறது. மென்பொருள் குரோமோசோம்களின் விளிம்பை வரைந்து, இரண்டு குறுகல் உள்ளவற்றைப் பொறுக்குகிறது.

ஆனால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடப்பவற்றைப் பிரித்தறிய அதற்குத் தெரியாது, ஒதுக்கிவிடும். உண்மையான டைசென்ட்ரிக்குகளில் கணிசமானவை இப்படித் தப்பிவிடுகின்றன. வெறும் வளைவைச் சேதம் என்று காட்டுவதும் உண்டு. ஆகவே பொறுக்கியதைக் கடைசியில் மனிதர் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கத்தான் வேண்டும்.

அப்படியும் மிச்சமாகும் நேரம் பெரிது. 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவியைப் பிரித்தபோது ஒருவர் இறந்தார், சிலர் பாதிக்கப்பட்டார்கள். சிலர் என்றால் கண்ணாலேயே எண்ணிவிடலாம். நூற்றுக்கணக்கானவர் ரத்தம் ஒரே நாளில் வந்தால், யாருக்கு எவ்வளவு கதிர் பட்டது என்று ஆளுக்கு 50 செல் பார்த்து முதல் தரம் பிரிப்பதற்கே ஆய்வகம் திணறிப்போகும்.

கருவி வாங்கிய மறுநாளே கதிரளவைக் கணிக்கத் தொடங்கிவிடவும் முடியாது. தெரிந்த அளவு கதிரை ரத்த மாதிரிகளில் செலுத்தி, அதே கருவியால் எண்ணவைத்து, எவ்வளவு கதிருக்கு எத்தனை டைசென்ட்ரிக் என்ற வரைபடத்தை ஆய்வகம் தனக்கெனத் தயாரிக்க வேண்டும். கண்ணால் எண்ணிப் போட்ட வரைபடத்தைக் கருவியின் எண்ணிக்கைக்குப் பயன்படுத்தினால், கருவி தப்பவிட்டவை கணக்கில் வராமல் கதிரளவு குறைவாகவே காட்டும்.