திறப்புவாரித் தரவு (சாதன இயக்கி)

திறப்புவாரித் தரவு என்பது, ஒரு சாதனக் கோப்பு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தத் திறப்புக்கென்றே சாதன இயக்கி தனியாக வைத்துக்கொள்ளும் தரவு ஆகும். ஒரே சாதனத்தைப் பல நிரல்கள் ஒரே நேரத்தில் திறக்கலாம். சாதனம் ஒன்றே எனினும், எதுவரை படிக்கப்பட்டது, எந்த அமைப்புகள் கோரப்பட்டன என்பன நிரலுக்கு நிரல் வேறுபடும். இவற்றைப் பொது மாறிகளில் வைத்தால் ஒரு நிரலின் நிலையை மற்றொன்று அழித்துவிடும்.

லினக்ஸில்

லினக்ஸ் கருனியில் சாதனக் கோப்பை "ஐநோடு" என்னும் கட்டமைப்பும், அதன் ஒவ்வொரு திறப்பையும் "ஃபைல்" என்னும் கட்டமைப்பும் குறிக்கின்றன. பின்னதில் "பிரைவேட்_டேட்டா" என்ற சுட்டி (நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) உள்ளது. இயக்கியின் "ஓப்பன்" செயற்கூறு நினைவகம் ஒதுக்கி, அதன் முகவரியை இச்சுட்டியில் இடும். "ரீட்", "ரைட்" முதலியன அதைக் கொண்டே தம் நிலையை அறியும். "ரிலீஸ்" அந்நினைவகத்தை விடுவிக்கும். விடுவிக்க மறந்தால் ஒவ்வொரு திறப்பிலும் கருனியின் நினைவகம் சிறிது வீணாகும்.

விசைப்பலகை, சுட்டெலி நிகழ்வுகளை வழங்கும் "ஈவிடெவ்" இயக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது ஒவ்வொரு திறப்புக்கும் தனி இடையகம் வைத்துள்ளது. ஒரு விசை அழுத்தப்பட்டால் அந்நிகழ்வு எல்லா இடையகங்களிலும் எழுதப்படும். ஆகவே தனித்தனியே திறந்த இரு நிரல்களும் அதே விசையழுத்தத்தைப் பெறுகின்றன (ஒரு நிரல் சாதனத்தைத் தனக்கே உரியதாகப் பிடித்துக்கொண்டால் அன்றி). பொது இடையகம் ஒன்றே இருந்திருந்தால் முதலில் படித்த நிரலுக்கு மட்டுமே அது கிட்டியிருக்கும்.

திறப்பும் செயலாக்கமும்

கற்போர் பலர் திறப்பையும் செயலாக்கத்தையும் ஒன்றெனக் கொள்வர், இது தவறு. "ஃபோர்க்" அழைப்பால் உருவாகும் சேய்ச் செயலாக்கம் எதையும் புதிதாகத் திறப்பதில்லை, தாயின் "ஃபைல்" கட்டமைப்பையே பகிர்ந்துகொள்கிறது. "ஓப்பன்" மீண்டும் அழைக்கப்படாது. "ரிலீஸ்" கூட, கடைசிப் பயனாளர் மூடிய பின் ஒரே முறைதான் அழைக்கப்படும். "குளோஸ்" ஒவ்வொன்றின்போதும் அழைக்கப்படுவது "ஃப்ளஷ்" ஆகும். எனவே "ஓப்பன்" வேளையில் குறித்துவைத்த செயலாக்க எண்ணை நம்பிப் பின்னர் அனுமதி வழங்குவது பாதுகாப்பானதன்று. தாயும் சேயும் ஒரே கணத்தில் படிக்கக்கூடுமாதலால் திறப்புவாரித் தரவுக்கும் பூட்டு வேண்டும்.

யூஎஸ்பி சாதனங்களில் மற்றொரு சிக்கல் உண்டு. கோப்பு திறந்திருக்கும்போதே பயனர் சாதனத்தைப் பிடுங்கிவிடலாம். திறப்புவாரித் தரவு சாதனத்தின் கட்டமைப்பைச் சுட்டிக்கொண்டிருக்க, இயக்கி அதை உடனே விடுவித்தால், அடுத்த "ரீட்" விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும், கருனியே நிலைகுலையலாம். இதனால் இயக்கிகள் பயனெண்ணிக்கை ஒன்றை வைத்து, இறுதி "ரிலீஸ்" வரை கட்டமைப்பைக் காக்கின்றன.

பிற இயங்குதளங்களில்

ஃபிரீபிஎஸ்டியில் சாதன இயக்கியின் மூடும் செயற்கூறு இயல்பாகக் கடைசி மூடலின்போது மட்டுமே அழைக்கப்படும். ஆகவே திறப்புவாரித் தரவுக்கெனத் தனிச் செயற்கூறுகள் பின்னர் சேர்க்கப்பட்டன. தரவுடன் அதை அழிக்கும் செயற்கூறையும் இயக்கி பதிவுசெய்கிறது. விண்டோஸில் "ஃபைல் ஆப்ஜெக்ட்" என்பதிலுள்ள "எஃப்எஸ் கான்டெக்ஸ்ட்" புலம் இப்பணியைச் செய்கிறது.