பீட்டர்லூ, 1819

1819 ஆகஸ்ட் 16, திங்கட்கிழமை. வாக்குரிமை கேட்டு சுமார் 60,000 பேர் மான்செஸ்டரின் ஒரு திடலில் திரண்டார்கள். பலர் சுற்றுவட்டார நெசவாளர்கள். நல்ல உடை உடுத்தி, பிள்ளைகுட்டிகளோடு நடந்தே வந்தவர்கள். இத்தனை பெரிய ஆலை நகரத்துக்கு அன்று நாடாளுமன்றத்தில் தனியாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

பேச்சாளர் ஹென்றி ஹன்டைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டுகள் உத்தரவிட்டார்கள். குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தது. முதல் பலி, இரண்டு வயது வில்லியம் ஃபைல்ட்ஸ். திடலை நோக்கி விரைந்த குதிரை மோதி, தாயின் கையிலிருந்து விழுந்து இறந்தான். வாட்டர்லூ போரில் உயிர் தப்பிய ஓல்டம் ஊர் ஜான் லீஸ், இங்கே பட்ட காயங்களால் செப்டம்பர் 7-இல் மாண்டார்.

இவர்களை நாம் பெயர் சொல்லி அறிவது நிவாரணக் குழுக்களின் புண்ணியம். அடிபட்டவர் யார், எந்த ஊர், வாள்வெட்டா, குளம்படியா, எவ்வளவு உதவித்தொகை என்று ஆள் ஆளாக எழுதிவைத்தார்கள். காயம்பட்டவர்களில் பெண்கள் ஏராளம் என்பதும் அந்தப் பட்டியல்களால்தான் தெரிகிறது.

நகரம் இந்தச் சாவுகளைச் சொல்லத் தயங்கியது வேதனை. முன்பு அங்கே இருந்த நீல நினைவுப் பலகை, படையினர் கூட்டத்தைக் கலைத்ததாகச் சொன்னதே தவிர, சாவைக் குறிப்பிடவில்லை. உள்ளூர் ஆர்வலர்கள் விடாமல் போராடி, 2007-இல் சிவப்புப் பலகையை வைக்கச் செய்தார்கள்: 15 பேர் சாவு, 600-க்கும் மேற்பட்டோர் காயம். பிந்தைய ஆய்வுகள் சாவு எண்ணிக்கையை 18 என்கின்றன.