எதுவரை வரலாம்?

கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பெண்ணாறு, ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் எர்ரமலைக் குன்றுகளை ஊடறுத்துச் செல்கிறது. தெலுங்கில் ‘கண்டி’ என்பது இத்தகைய மலைப்பிளவைக் குறிக்கும். அதன் விளிம்பில் எழுந்த கோட்டை கண்டிக்கோட்டை எனப் பெயர் பெற்றது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஆறு வளைந்தோடும் காட்சியைக் காண, சென்ற தை மாதம் மூன்று தலைமுறையினராக ஏழு பேர் சென்றோம். எங்கள் தந்தையாருக்கு வயது 68. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

“நான் வண்டியிலேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்று அவர் முதலிலிருந்தே கூறிவந்தார். சிகிச்சைக்குப் பின் முதியோர் பலர் இவ்வாறு தாமாகவே ஒதுங்கிக்கொள்வதுண்டு. பிறருக்குச் சுமையாகிவிடுவோமோ என்னும் தயக்கமே அதற்குப் பெரிதும் காரணம்.

மருத்துவரைக் கலந்தோம். அவர் தடை சொல்லவில்லை. சில நிபந்தனைகள் விதித்தார். நடக்கும்போது இயல்பாகப் பேச முடிய வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ தோன்றினால் உடனே அமர வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அவருடைய சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும். மாத்திரை வைத்து ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிடில் 108-ஐ அழைக்க வேண்டும்.

வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்கினோம். தந்தையாரை முன்னே நடக்கவிட்டோம். அவருடைய வேகமே அனைவரின் வேகமாயிற்று. கோட்டைக்குள் பழைய மசூதியையும் தானியக் களஞ்சியத்தையும் கடந்தபின், வழி பெரும்பாறைகளின் மீது சென்றது. இளையவர்கள் ஆற்றங்கரைவரை இறங்க விரும்பினர். மலையில் ஏற்றம் முதலில் வரும். பள்ளத்தாக்கிலோ, கால்கள் களைத்தபின் கடைசியில் வரும். ஆகவே எவரும் இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

விளிம்புக்குச் சற்று முன்னரே தந்தையார் நின்று, “இது போதும்” என்றார். எவரும் வற்புறுத்தவில்லை. அங்கிருந்தே ஆற்றின் வளைவு நன்கு தெரிந்தது. பேரப்பிள்ளைகள் அவருக்கு இருபுறமும் அமர்ந்துகொண்டனர். வண்டியில் தனித்திருக்க எண்ணியவர், அரைமணி நேரம் அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

பயணம் செல்லும் குடும்பத்தினருக்கு ஒரு சொல்: வழியில் கழிவறை கிடைக்காதே என்று அஞ்சி, நீர் பிரியச் செய்யும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோயுற்றவரை ‘வர வேண்டாம்’ என்று சொல்லுமுன், ‘எதுவரை வரலாம்’ என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.