சர்ச் வாசலில் சாய்தளம் வந்தாச்சு... பீடம் வரை போக முடியுமா?

பல சர்ச்சுகளின் வாசலில் இப்போது சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர், யாரும் தூக்காமல் உள்ளே வந்துவிடலாம். வந்த பிறகுதான் சிக்கல். பீடத்துக்கு மூணு படி, வேத வாசிப்பு மேசைக்கு ரெண்டு படி, பாடகர் குழு மாடியில். "நீங்க இங்கேயே இருங்க, திருவிருந்தை நாங்களே கொண்டுவந்து தர்றோம்" என்பார்கள். அன்பான பேச்சுதான். ஆனால், அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்க விரும்பினால்?

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவதில் கிறிஸ்தவ சபைகளைக் குறை சொல்வது கடினம். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மிஷனரிகள். உதவி பெறுபவராக அவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு. ஊழியம் செய்பவராக இடம் உண்டா என்பதுதான் நெடுங்காலக் கேள்வி.

எங்கே தொடங்கியது?

பைபிளின் லேவியராகமம் 21ஆம் அதிகாரம், ஆசாரியர் குடும்பத்தில் பிறந்தாலும் பார்வையற்றவர், நடக்க முடியாதவர், கூன் உள்ளவர் பலி செலுத்தப் பீடத்தை நெருங்கக் கூடாது என்கிறது. அதே பகுதி, பரிசுத்த உணவை அவர்கள் சாப்பிடலாம் என்றும் சொல்கிறது. சாப்பிடலாம், படைக்கக் கூடாது!

இந்த எண்ணம் சுலபமாகப் போகவில்லை. 1917இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும், உடல் பலவீனத்தால் பாதுகாப்பாகவோ, உருவக் குறையால் கண்ணியமாகவோ பீடப் பணி செய்ய முடியாதவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதில் தடை இருந்தது. சிறப்பு அனுமதி வாங்கினால்தான் வழி. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. உடல், மனத் தகுதி வேண்டும் என்ற பொதுவான நிபந்தனை இருக்கிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பெரும்பாலும் ஆயரின் கையில்.

2024 மே மாதம் கேரளாவின் திருச்சூரில் ஜோசப் தேர்மடம் குருவானார். காது கேளாத, வாய் பேசாத ஒருவர் இந்தியாவில் கத்தோலிக்க குருவாவது இதுவே முதல்முறை என்று செய்திகள் குறிப்பிட்டன. இதன் அர்த்தம் பாவசங்கீர்த்தனத்தில்தான் முழுசாகப் புரியும். சைகை மொழி தெரியாத குருவிடம் காது கேளாதவர் பாவத்தை அறிக்கையிட, எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். திருச்சபைச் சட்டம் இதை அனுமதிக்கிறது, அந்த மொழிபெயர்ப்பாளரும் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது. இருந்தாலும், மனசுக்குள் இருப்பதை மூன்றாவது ஆள் முன்னால் யார்தான் கொட்டுவார்கள்? குருவே சைகை மொழிக்காரர் என்றால் அந்த மூன்றாவது ஆள் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டம் மத அமைப்புகளுக்கு விலக்கு அளித்தது. இந்தியாவின் 2016 சட்டம் அப்படி இல்லை. 'பொதுக் கட்டிடம்' என்பதற்கான விளக்கத்திலேயே மதப் பயன்பாட்டுக்கான கட்டிடங்களும், தனியார் கட்டிடங்களும் வருகின்றன. பழைய கட்டிடங்களை மாற்ற, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டு கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். விதிகளில் இருந்தவை வெறும் பரிந்துரைகளாக இருப்பதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், கட்டாயத் தரங்களை வகுக்கும்படி 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சட்டம் தொட முடியாத இடமும் உண்டு. "உங்க விசுவாசம் போதலை, அதான் சுகம் கிடைக்கல" என்று ஜெபக்கூட்டத்தில் கேட்டுவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவரைப் பார்த்த சீடர்கள் இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று கேட்கிறார்கள். இயேசு இரண்டையுமே மறுக்கிறார். சுகமளிக்கும் ஜெபத்துக்கு யாரையும் மேடைக்குக் கூப்பிடும் முன், அவருக்கு அது வேண்டுமா என்று கேட்பது குறைந்தபட்ச மரியாதை.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பீடத்தை இடிக்க வேண்டியதில்லை. வாசிப்பு மேசையையும் மைக்கையும் தரைமட்டத்துக்கு இறக்கினால், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் பாடல் வரிகளைப் போட்டோவாக அனுப்பாமல், டைப் செய்து அனுப்பினால் பார்வையற்றவரின் போன் அதைப் படித்துக் காட்டும். சைகை மொழிபெயர்ப்பாளரை ஓரத்தில் நிறுத்தாமல், பிரசங்கம் செய்பவரின் பக்கத்திலேயே, வெளிச்சம் படும்படி நிறுத்தலாம். அடுத்த மாத வாசிப்புப் பட்டியல் போடுபவர், இதுவரை கேட்காதவரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்: "நீங்க வாசிக்கிறீங்களா?"