ரேஸ் கார் ஏன் டிரெய்லரில் வருது?



ரேஸ் கார், ரேஸ் நடக்கிற இடத்துக்கு எப்படிப் போகும்? எங்க வகுப்புல இருபது பேர்கிட்ட இதைக் கேட்டேன். பத்தொன்பது பேர் "ஓட்டிக்கிட்டுத்தான்"னு சொன்னாங்க. ஒருத்தன் மட்டும் "ஏத்திக்கிட்டு"ன்னான். அவன் அப்பா லாரி ஓட்டுறவர். அவன் சொன்னதுதான் சரி. அசல் ரேஸ் கார் பொது ரோட்டில் ஓடவே ஓடாது. ஒரு வேன் பின்னாடி, டிரெய்லர்ல, கல்யாணப் பொண்ணு மாதிரி அசையாம உக்காந்துக்கிட்டுத்தான் வரும்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எங்க மாமா செங்கல்பட்டுல ஒரு ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக். அந்த முதலாளிகிட்ட ஒரு பழைய ரேஸ் கார் இருக்கு. ஒரே ஸீட். கூரை கிடையாது, கதவு கிடையாது, ஸ்டெப்னியும் கிடையாது. டிரைவர் முதுகுக்குப் பின்னாடி மாருதி 800 இன்ஜின். வருஷத்துல சில நாள் அதை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோவாங்க. லீவு நாளா இருந்தா நானும் தொத்திக்குவேன்.

முதல்ல கொஞ்சம் சரித்திரம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கினது. இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சோழவரத்துல சும்மா கிடந்தது. அதுலதான் ரேஸ் நடத்தினாங்க. கூட்டம் ஆயிரக்கணக்குல வருமாம். அப்புறம் 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில ரேஸுக்காகவே ஒரு டிராக் திறந்தாங்க. நீளம் சுமார் 3.7 கி.மீ. இப்போ மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு சொல்றாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, 1997 வரைக்கும் இந்த ரெண்டு ஊருமே நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துலதான் இருந்தது! (சமூக அறிவியல் டீச்சர் கவனிக்கவும்.) அப்புறம் பிரிச்சுப் பிரிச்சு சோழவரம் திருவள்ளூருக்கும், இருங்காட்டுக்கோட்டை காஞ்சிபுரத்துக்கும் போயிடுச்சு. 2019ல் நம்ம மாவட்டம் தனியா ஆனப்போ நம்ம பங்குக்கு வந்தது ஈ.சி.ஆர். ரோடு. அதைப் பத்தித்தான் கடைசியில சொல்லப்போறேன்.

இலேசா இருந்தா என்ன லாபம்?

பெரிய இன்ஜின் இருந்தாத்தான் ரேஸ் கார்னு பல பேர் நினைப்பு. மாருதி 800 இன்ஜின் வெறும் 796 சி.சி. சாதாரணக் கார்ல அது தர்றது சுமார் 37 குதிரைத்திறன். அந்த இன்ஜினை வெச்சே ஒரு ரேஸ் காரை உருவாக்கினவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். அந்த வகைக்கு ஃபார்முலா மாருதின்னு பேரு. அவர் 1995ல் ஒரு விமான விபத்துல இறந்துட்டார். கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்ல இருக்கிறதுதான். 2005ல் ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான்.

சின்ன இன்ஜின் எப்படிப் போதும்? நியூட்டனோட இரண்டாம் விதி: விசை = நிறை × முடுக்கம். விசையைக் கூட்ட வழியில்லைன்னா நிறையைக் குறைக்கணும். மாருதி 800 காரே 650 கிலோ அளவுதான். அதுலயும் கூரை, கதவு, பின் ஸீட், கண்ணாடி எல்லாத்தையும் விட்டுட்டு, இரும்புக் குழாயை வெல்டிங் பண்ணின சட்டத்துல இன்ஜினை உக்கார வெச்சா எவ்வளவு குறையும்னு பாருங்க. இங்கிலாந்துல காலின் சாப்மன்னு ஒரு இன்ஜினீயர் இதையே கொள்கையா வெச்சிருந்தார். 1957ல் வந்த அவரோட லோட்டஸ் செவன் கார் சுமார் 500 கிலோதான். நம்ம அம்பாசிடர் 1,100 கிலோவுக்கு மேல! லோட்டஸ் செவன் செய்யிற உரிமையை 1973ல் கேட்டர்ஹாம் கம்பெனி வாங்கி, அந்த மாதிரிக் காரை இன்னைக்கும் செஞ்சுக்கிட்டிருக்காங்க.

இயற்பியல் சார் இங்க ஒரு கேள்வி கேப்பாரு. உராய்வும் எடையைப் பொறுத்ததுதானே, அப்போ பிரேக் போட்டா இலேசான காரும் கனமான காரும் ஒரே தூரத்துலதானே நிக்கணும்? ஒரு தடவை நிறுத்தினா ஏறக்குறைய அப்படித்தான். ஆனா டிராக்ல ஒவ்வொரு சுத்துக்கும் திரும்பத் திரும்ப பிரேக் போடணும். 100 கி.மீ. வேகத்துல போற 1,000 கிலோ காரை நிறுத்தினா சுமார் 386 கிலோஜூல் ஆற்றல் வெப்பமா மாறும். 500 கிலோ கார்னா அதுல பாதி, 193. சூடு ஏறி ஏறி பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். இலேசான கார் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும். டயரும் சீக்கிரம் தேயாது.

டிரெய்லர் வித்தை

அந்தக் காருக்கு நம்பர் பிளேட் இல்லை. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன் எதுவும் இல்லை. அடிப்பாகம் தரைக்கு ரொம்பக் கிட்ட இருக்கும், நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணு போதும், உரசி உடைஞ்சிடும். ரோட்டில் எடுத்தா அது சட்டப்படி குற்றம். அதனால செங்கல்பட்டுலேர்ந்து சிங்கப்பெருமாள்கோயில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல டிரெய்லர்ல போகும். பெரிய டீம்கள் நாலஞ்சு காரை ஒரே மூடின லாரியில கொண்டுவருவாங்க.

ஏத்துறதுலதான் விஷயமே இருக்கு. நம்ம தாத்தா பாட்டியைக் கேட்டா மாட்டு வண்டியில முன்பாரம், பின்பாரம்னு சொல்வாங்க. பின்பாரம் ஆயிட்டா நுகத்தடி மேல தூக்கி மாட்டுக் கழுத்தை இழுக்கும். டிரெய்லருக்கும் அதே கதைதான். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கணும். டிரெய்லரோட மொத்த எடையில பத்துல ஒரு பங்கு அளவு வேனோட கொக்கி மேல அமுங்கணும். இந்தக் கார்ல இன்ஜின் பின்னாடி இருக்கிறதால, மாமா காரை ஒரு சாண் முன்னாடி, ஒரு சாண் பின்னாடின்னு தள்ளித் தள்ளிப் பார்த்துத்தான் நிறுத்துவாரு.

பின்பாரம் ஆனா என்ன ஆகும்? வேகம் கூடினதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆடி ஆடி, கடைசியில இழுக்கிற வேனையே கவுத்துடும். பக்கவாட்டுல கடல்காத்து அடிச்சா இன்னும் மோசம். முட்டுக்காடு பாலத்து மேல சைக்கிள் ஓட்டினவங்களுக்கு அந்தக் காத்து எப்படின்னு தெரியும். ஆடும்போது பயந்து சடார்னு பிரேக் போடக்கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சு, தானா வேகம் குறையவிடணும்.

கட்டுறதுக்கு ராட்செட் பெல்ட். நாலு மூலையிலயும் நாலு. மாமல்லபுரத்துல சிற்பக்கூடத்துலேர்ந்து கற்சிலையை லாரியில ஏத்திக் கட்டுறதைப் பாத்திருப்பீங்க, முன்னாடியும் இழுக்கும் பின்னாடியும் இழுக்கும். அதே முறைதான். கொக்கி கழண்டாலும் டிரெய்லர் தனியா ஓடிடாம இருக்க ரெண்டு சங்கிலி, கொக்கிக்கு அடியில குறுக்காப் போட்டிருக்கும். கிளம்பி பத்து இருபது கிலோமீட்டர்ல ஓரமா நிறுத்தி எல்லா பெல்ட்டையும் திரும்ப இறுக்குவாங்க. குலுங்கினதுல கட்டாயம் ஒண்ணாவது தளர்ந்திருக்கும். நான் போன ஒவ்வொரு தடவையும் தளர்ந்துதான் இருந்தது.

இவ்வளவு பாடுபட்டு வெச்சிருக்கிறதுல லாபம் உண்டான்னா, ஒரு பைசா கிடையாது. முதலாளியே சொல்வாரு, யானையை வாங்கினது செலவில்லை, தீனி போடுறதுதான் செலவுன்னு. இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சு, அதுக்கேத்த மாதிரி ஆயில் மாத்தணும். போட்டியில கட்டுற சீட் பெல்ட்டுக்குக் கூட மாத்திரை அட்டை மாதிரி காலாவதித் தேதி உண்டு.

டிராக்குக்குள்ள

போனவுடனே ஓட்டிட முடியாது. போட்டின்னா ஓட்டுறவருக்கு இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளோட கூட்டமைப்பு தர்ற தனி லைசென்ஸ் வேணும். ரோட்டு லைசென்ஸ் அதுக்குப் பதிலாகாது. அப்புறம் காரைச் சோதனை போடுவாங்க. வீல் நட்டு முறுக்கம், பிரேக், ஆயில் ஒழுகல், வெளியிலேர்ந்தே இன்ஜினை நிறுத்துற சுவிட்ச், தலைக்கு மேல வளைஞ்சு நிக்கிற இரும்பு வளையம், முன்னாடி பின்னாடி கட்டி இழுக்கக் கொக்கி. உடம்புக்கு தீப்பிடிக்காத உடை, முகம் மூடின ஹெல்மெட், ஆறு இடத்துல கட்டுற பெல்ட். மோதும்போது தலை முன்னாடி வீசிக் கழுத்து முறியாம இருக்க ஹான்ஸ்னு ஒரு கருவியும் தோள்ல மாட்டுவாங்க.

முதல் சுத்து மெதுவாத்தான். டயர் சூடேறினாத்தான் பிடிப்பு வரும். வளைவுல ஓட்டுற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெளி ஓரத்துலேர்ந்து உள்ள வந்து, வளைவோட உள் விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போகணும். அப்படிப் போனா வட்டத்தோட ஆரம் பெருசாகும், அதே வேகத்துக்குத் தேவைப்படுற மையநோக்கு விசை குறையும். பிரேக்கை நேர்ப்பாதையிலயே போட்டு முடிச்சிடணும். திரும்பிக்கிட்டே அழுத்தினா டயர் ரெண்டு வேலையும் சேர்த்துச் செய்ய முடியாம வழுக்கிடும். கடைசிச் சுத்தும் மெதுவாத்தான், பிரேக் ஆறுறதுக்காக. சூடா இருக்கும்போது ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்தவும் மாட்டாங்க.

டிராக் ஓரத்துல மார்ஷல்கள் கொடியோட நிப்பாங்க. மஞ்சள் கொடின்னா முன்னாடி ஆபத்து, யாரையும் முந்தக்கூடாது. நீலம்னா உன்னைவிட வேகமான கார் பின்னாடி வருது. சிவப்புன்னா ஓட்டம் நிறுத்தம். மஞ்சள்ல சிவப்புக் கோடு போட்டிருந்தா தரை வழுக்குது. கறுப்புக் கொடியை உனக்குக் காட்டினா பேசாம உள்ள வந்துடணும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் இன்ஜினைத் தயாரா வெச்சுக்கிட்டு நிக்கும்.

இவ்வளவு இருந்தும் விபத்து நடக்குது. 2023 ஜனவரியில இதே இருங்காட்டுக்கோட்டை டிராக்ல கே.ஈ. குமார்ங்கிற மூத்த ரேஸர் போட்டியில கார் கவிழ்ந்து இறந்துட்டார். வயசு 59. அதே வருஷம் ஆகஸ்ட்ல பைக் போட்டியில பெங்களூர்ச் சிறுவன் ஒருத்தன் விழுந்து இறந்தான். வயசு 13. எட்டாம் வகுப்புல நம்ம பக்கத்து பெஞ்சுல உக்காரவேண்டிய வயசு. ஹெல்மெட், மார்ஷல், டாக்டர் எல்லாம் இருந்த இடத்துல இப்படி.

இப்போ ஈ.சி.ஆர்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலையில மாமல்லபுரம் வரைக்கும் பைக்கும் காரும் பறக்கிற சத்தம் நமக்கெல்லாம் தெரியும். நம்ம பள்ளிக்கூடத்து அண்ணன்கள் சில பேர் அதைப் பத்தி மைதானத்துல பெருமையாப் பேசிக்கிறதையும் கேட்டிருக்கேன். பேர் எழுதலை.

எங்க அத்தை ஈ.சி.ஆர். ஓரத்துல இளநீர்க்கடை வெச்சிருக்காங்க. தண்ணி பிடிக்க ரோட்டைக் கடந்துதான் போகணும். கடைக்கு வடக்கே ரோடு லேசா வளையுது, சவுக்குத் தோப்பு மறைக்குது. அத்தை கடக்கிற இடத்துலேர்ந்து வண்டி கண்ணுல படுற இடம் வரைக்கும் நான் டேப் வெச்சு அளந்தேன். 60 மீட்டர். அப்புறம் கணக்கு போட்டேன். ஆளைப் பாத்து பிரேக்ல கால் வைக்க ஒரு வினாடி, காய்ஞ்ச ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக்னு வெச்சுக்கிட்டேன். 50 கி.மீ. வேகத்துல வர்ற வண்டி ஏறக்குறைய 28 மீட்டர்ல நின்னுடும். 100 கி.மீ. வேகம்னா 83 மீட்டர் வேணும். 120 கி.மீ.ன்னா 113 மீட்டர். இருக்கிறது 60 தான். ஓட்டுறவர் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் இந்த 60 மாறாது. டிராக்ல யாரும் தண்ணிக்குடத்தோட குறுக்க வர்றதில்லை, நாய் வர்றதில்லை, எதிர்ல பஸ் வர்றதில்லை. மார்ஷல் கொடி காட்டுறதால வளைவுக்கு அந்தப்பக்கம் என்னன்னும் முன்னாடியே தெரிஞ்சிடும்.

"2024ல் சென்னை தீவுத்திடல் பக்கம் ரோட்டுலயே ரேஸ் விட்டாங்களே"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். ஆமா, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, ராத்திரியில. அந்த மூன்றரை கிலோமீட்டரையும் போக்குவரத்து இல்லாம அடைச்சு, ரெண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பும் வேலியும் போட்டு, அரசாங்க அனுமதியோட நடந்தது அது.

அனுமதியில்லாம ரோட்டில் ரேஸ் விட்டா மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க ஓட்டினா 2019ல் சேர்த்த 199ஏ பிரிவும் வரும். அதுல பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. ஓட்டினவருக்கு 25 வயசு ஆகிற வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. அப்பா வண்டியை எடுக்கிறவங்க இதை அப்பாகிட்டயும் ஒரு தடவை படிச்சுக் காட்டலாம்.

ரேஸ் பாக்க ஆசைப்படுறவங்க இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்க. சோதனை போடுற இடத்துல காரைக் கிட்டத்துல பாக்க முடிஞ்சா பாருங்க, டிரெய்லர்லேர்ந்து இறக்குறதையும் தவறவிடாதீங்க. தொப்பியும் தண்ணியும் கட்டாயம், நிழல் ரொம்பக் கம்மி. காதுக்குப் பஞ்சும் எடுத்துக்கோங்க. அத்தை கடை 60 மீட்டர் கணக்கை முழுசா எழுதி இயற்பியல் சார்கிட்ட கொடுத்திருக்கேன். யாராவது தப்பு கண்டுபிடிச்சா இந்தத் தாளுக்குக் கீழயே பென்சில்ல எழுதிடுங்க.