மரவாடியில் பிறந்த பந்தய அணி

கார் பந்தயம் என்றதும் நம் கண்முன் என்ன வருகிறது? கோடீசுவரர்கள், பளபளக்கும் கார்கள், பெரிய பெரிய தொழிற்சாலைகள்!

ஆனால் உலகப் புகழ் பெற்ற ஒரு பந்தய அணி, ஒரு மரவாடியில் பிறந்தது. அதை நடத்தியவர் ஒரு மர வியாபாரி. சிறிய கார்களையும், பெயர் தெரியாத இளைஞர்களையும் வைத்துக்கொண்டு அவர் தொடங்கினார். அந்த இளைஞர்களில் சிலர் பிறகு உலகையே வியக்க வைத்தார்கள்.

அந்த மர வியாபாரியின் பெயர் கென் டைரல்.

ஆக்கம் என்ற ஊர்

இங்கிலாந்தில் சர்ரே என்று ஒரு மாவட்டம். அங்கே ஆக்கம் என்று ஒரு சிறு கிராமம். நம் மொழியில் ஆக்கம் என்றால் படைப்பு. அந்தப் பெயர் அந்த ஊருக்குத் தற்செயலாகப் பொருந்திவிட்டது!

டைரல் 1924-ம் ஆண்டு பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் அண்ணன் தம்பியாகச் சேர்ந்து மரத் தொழிலில் இறங்கினார்கள். மரம் வாங்குவது, அறுப்பது, விற்பது. அதுதான் பிழைப்பு.

1951-ம் ஆண்டு, உள்ளூர்க் கால்பந்து சங்கத்தார் சில்வர்ஸ்டோன் என்ற இடத்துக்குக் கார் பந்தயம் பார்க்கப் போனார்கள். டைரலும் உடன் போனார். பெரிய கார்கள் ஓடின. அவை அவர் மனதைக் கவரவில்லை. அன்று ஓடிய குட்டிக் கார்கள்தான் கவர்ந்தன!

ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய கார் அது. மேலே கூரை கிடையாது. நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். பின்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் என்ஜின். அவ்வளவுதான்.

"இதை நாமும் ஓட்டலாமே!" என்று டைரலுக்குத் தோன்றியது. மறு ஆண்டே ஒரு கார் வாங்கிப் பந்தயத்தில் இறங்கிவிட்டார்.

தன்னை அறிந்தவர்

சில ஆண்டுகள் ஓட்டினார். சில பந்தயங்களில் நன்றாகவே ஓட்டினார். ஆனாலும் முதல் வரிசை வீரர்களின் வேகம் அவருக்கு வரவில்லை.

இந்த இடத்தில் பலர் என்ன செய்வார்கள்? காரைக் குறை சொல்வார்கள். இல்லாவிட்டால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்வார்கள். டைரல் அப்படிச் செய்யவில்லை. "நான் ஓட்டுவதைவிட, நன்றாக ஓட்டுகிறவனுக்கு நல்ல காரைக் கொடுப்பதே மேல்" என்று முடிவு செய்தார்.

1959-ல் ஓட்டுவதை விட்டார். 1960-ல் இளைஞர்களுக்கான அணியை நடத்தத் தொடங்கினார்.

"பார்முலா ஜூனியர்" என்ற பந்தயம் அப்போதுதான் பரவி வந்தது. இத்தாலியில் உருவான பந்தயம் அது. பணக்காரர் அல்லாத இளைஞர்களும் பந்தயம் பழக வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆகவே, தெருவில் ஓடும் சாதாரணக் காரின் என்ஜினையே அதில் பொருத்த வேண்டும் என்று விதி வைத்தார்கள். என்ஜினின் அளவு 1100 சி.சி.க்கு மேல் போகக்கூடாது. நம் ஊரில் பலர் வைத்திருக்கும் சிறிய காரின் என்ஜின் அளவுதான் அது!

டைரலின் அணிக்கு மாளிகை இல்லை. மரவாடியில் இருந்த ஒரு கொட்டகைதான் பட்டறை. ஒரு பக்கம் மரம் அடுக்கி இருக்கும். மறு பக்கம் கார் வேலை நடக்கும். டைரலின் மனைவி நோரா, பந்தய நாளில் எல்லோருக்கும் உணவு தயாரிப்பார். பிறகு கடிகாரத்துடன் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வார். குடும்பமே அணி, அணியே குடும்பம்.

மோட்டார் சைக்கிள் மன்னர்

டைரலின் கண் எப்படிப்பட்டது? அதற்கு முதல் ஆண்டே சான்று கிடைத்தது.

ஜான் சர்ட்டீஸ் அப்போது மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உலகச் சாம்பியன். கார் பந்தயத்தில் அவர் கலந்துகொண்டதே இல்லை. 1960 மார்ச் மாதம் குட்வுட் என்ற ஊரில் டைரல் அவருக்குத் தன் காரைக் கொடுத்தார். சர்ட்டீஸ் இரண்டாவதாக வந்தார். அவரை முந்தியவர் யார் தெரியுமா? பின்னாளில் இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற ஜிம் கிளார்க்!

நான்கே ஆண்டுகளில், 1964-ல், சர்ட்டீஸ் கார் பந்தயத்திலும் உலகச் சாம்பியன் ஆனார். இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலகப் பட்டம் வென்றவர் இன்று வரை அவர் ஒருவர்தான்.

எழுத்து வராத இளைஞர்

1963-ம் ஆண்டோடு பார்முலா ஜூனியர் முடிந்தது. அதன் இடத்தில் 1000 சி.சி. "பார்முலா 3" வந்தது. டைரலுக்கு ஒரு புது வீரர் தேவைப்பட்டார்.

"ஸ்காட்லாந்துப் பையன் ஒருவன் இங்கே பிரமாதமாக ஓட்டுகிறான்" என்று குட்வுட் பந்தயச் சாலையின் நிர்வாகி சொன்னார். அந்தப் பையன்தான் ஜாக்கி ஸ்டூவர்ட். வயது 24.

அவர் கதையே தனிக்கதை. பள்ளியில் அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. "மக்கு" என்று ஏளனம் செய்தார்கள். இளம் வயதிலேயே படிப்பை விட்டுவிட்டுத் தந்தையின் கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். உண்மையில் அவர் மக்கு அல்ல. எழுத்துகள் மனதில் படிவதில் ஏற்படும் ஒரு குறைபாடு அவருக்கு இருந்தது. அது அவருக்கே 40 வயதுக்குப் பிறகுதான் தெரிய வந்தது!

அவருடைய அண்ணனும் பந்தய வீரர். விபத்தில் அடிபட்டவர். ஆகவே இளைய மகன் பந்தயத்துக்குப் போவது தாயாருக்குப் பிடிக்கவில்லை. தாயாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஸ்டூவர்ட் முதலில் வேறு பெயரில் ஓட்டினார்!

1964 மார்ச் மாதம் குட்வுட்டில் சோதனை நடந்தது. முதலில் புரூஸ் மெக்லாரன் ஓட்டிக் காட்டினார். அவர் பெரிய பந்தயங்களில் வெற்றி பெற்ற வீரர். அடுத்து ஸ்டூவர்ட்.

"அவசரம் வேண்டாம். நிதானமாக ஓட்டு" என்று டைரல் சொல்லி அனுப்பினார். பதறாத காரியம் சிதறாது அல்லவா?

சில சுற்றுகளிலேயே ஸ்டூவர்ட், மெக்லாரனைவிடக் குறைந்த நேரத்தில் சுற்றிவிட்டார். மெக்லாரன் மறுபடியும் ஏறி, வேகத்தைக் கூட்டினார். ஸ்டூவர்ட் அதையும் மிஞ்சினார். பார்த்துக்கொண்டிருந்த கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர், "இந்தப் பையனை விட்டுவிடாதே!" என்று டைரலிடம் சொன்னார்.

ஐந்து பவுன்

டைரல் அந்த இளைஞருக்கு இரண்டு வழிகளைக் காட்டினார். பெரிய தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வருங்கால வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தந்துவிட வேண்டும். இல்லையென்றால், வெறும் 5 பவுன் பெற்றுக்கொண்டு ஓட்டலாம். ஸ்டூவர்ட் 5 பவுனை வாங்கிக்கொண்டார்!

அந்த மாதமே ஸ்னெட்டர்டனில் முதல் பந்தயம். அன்று மழை. இரண்டு சுற்று முடிவதற்குள் மற்றவர்களைவிட 25 விநாடி முன்னே போய்விட்டார். முடிவில் 44 விநாடி வித்தியாசத்தில் வெற்றி! பந்தயத்தில் ஒரு விநாடியே பெரிது. 44 விநாடி என்றால் கேட்க வேண்டுமா?

உடனே பெரிய பந்தயமான "பார்முலா 1"-ல் ஓட்ட அழைப்பு வந்தது. ஸ்டூவர்ட் மறுத்துவிட்டார். "டைரலிடம் இன்னும் பழக வேண்டும்" என்று எண்ணினார். அந்த ஆண்டு இரண்டே இரண்டு பந்தயங்கள் தவிர எல்லாவற்றிலும் வென்றார். மறு ஆண்டுதான் பெரிய பந்தயத்துக்கு, வேறு அணிக்கு, போனார்.

அடுத்து வந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜாக்கி இக்ஸ். 1967-ல் அவர் டைரலின் சிறிய காரில் ஐரோப்பிய "பார்முலா 2" பட்டத்தை வென்றார். அதே ஆண்டு ஜெர்மனியில் பெரிய கார்களும் சிறிய கார்களும் ஒரே பந்தயத்தில் ஓடின. பெரிய காரின் என்ஜின் 3000 சி.சி. இக்ஸின் காருக்கு 1600 சி.சி.தான். பயிற்சியின்போது அவரைவிட வேகமாகச் சுற்றியவர்கள் இரண்டே பேர்!

கொட்டகையில் ரகசியம்

1968-ல் டைரலும் பெரிய பந்தயத்தில் இறங்கினார். ஸ்டூவர்ட் திரும்பி வந்தார். பிரான்சு நாட்டு மாட்ரா நிறுவனத்தின் காரில் 1969-ல் உலகப் பட்டம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு பொருத்தமான கார் கிடைக்கவில்லை. "நாமே செய்துவிட்டால் என்ன?" என்று டைரல் எண்ணினார். டெரிக் கார்டனர் என்ற பொறியாளர் தம் வீட்டிலேயே ரகசியமாகப் படம் வரைந்தார். மரவாடிக் கொட்டகையில் கார் உருவானது. அந்தக் கார்களில் ஸ்டூவர்ட் 1971-லும் 1973-லும் உலகப் பட்டம் வென்றார்.

வெற்றிக்கு நடுவே இடி

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அந்தக் காலத்தில் பந்தய வீரர்கள் அடிக்கடி மாண்டார்கள். 1966-ல் பெல்ஜியத்தில் ஸ்டூவர்ட்டின் கார் மழையில் புரண்டது. பெட்ரோல் உடலெல்லாம் நனைக்க, சுமார் 25 நிமிடம் உள்ளே சிக்கிக் கிடந்தார். உதவிக்கு ஆள் இல்லை, கருவி இல்லை. மற்ற வீரர்கள் ஓடிவந்து, வேடிக்கை பார்க்க வந்தவரிடம் திருகுச் சாவி கடன் வாங்கி அவரை மீட்டார்கள்!

அன்று முதல் ஸ்டூவர்ட் போராடினார். இருக்கைப் பட்டை வேண்டும், தடுப்புச் சுவர் வேண்டும், டாக்டர் வேண்டும் என்றார். "கோழை" என்று சிலர் கேலி செய்தார்கள். அவர் விடவில்லை.

டைரல் அணியில் பிரான்சுவா செவர் என்ற இளைஞரும் இருந்தார். பிரான்சில் சிறிய கார் பந்தயத்தில் பட்டம் வென்று வந்தவர். ஸ்டூவர்ட் தமக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1973-ம் ஆண்டு முடிவில் ஓய்வு பெறுவது, அடுத்த ஆண்டு செவரை முதல் வீரர் ஆக்குவது என்று ஸ்டூவர்ட்டும் டைரலும் தீர்மானித்து இருந்தார்கள். செவருக்கு அது தெரியாது.

1973 அக்டோபர் 6-ந் தேதி. அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென் என்ற இடம். மறுநாள் ஸ்டூவர்ட்டின் 100-வது பந்தயம், கடைசிப் பந்தயம். அதற்கான பயிற்சியின்போது செவரின் கார் தடுப்பில் மோதியது. அந்த இடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 29.

டைரல் அணி முழுவதையும் பந்தயத்தில் இருந்து விலக்கிக்கொண்டார். ஸ்டூவர்ட்டின் கணக்கு 99 பந்தயங்களோடு நின்றது. அவற்றில் 27 வெற்றிகள். அன்று அதுவே உலகச் சாதனை. ஆனால் அன்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையை இழந்த துக்கம்தான் அங்கே இருந்தது.

எஞ்சி நிற்பது

அணி அதன் பிறகும் நடந்தது. 1976-ல் ஆறு சக்கரக் கார் செய்து வெற்றியும் கண்டது! ஆனால் காலம் மாறியது. பெரிய நிறுவனங்கள் பணத்தைக் கொட்டின. மர வியாபாரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. அணியை விற்றார். 1998-ம் ஆண்டோடு டைரல் என்ற பெயர் பந்தயத்தில் இருந்து மறைந்தது. 2001-ல் அவரும் மறைந்தார்.

விற்ற அணி பல கை மாறியது. அந்த வழியில் வந்ததுதான் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அணிப் பட்டத்தை வென்ற மெர்சிடிஸ் அணி. வேர் எங்கே என்று தேடிப் போனால், அது மரவாடியில் முடிகிறது.

ஸ்டூவர்ட் கேட்ட பாதுகாப்புகள் இன்று எல்லாப் பந்தயங்களிலும் கட்டாயம். மகனைப் பந்தயத்துக்கு அனுப்பும் தாய்க்கு இன்று கொஞ்சமாவது தைரியம் இருக்கிறது என்றால், அதற்கு அவரும் ஒரு காரணம்.

அந்தப் பழைய மரக் கொட்டகையை இடித்துவிடவில்லை. பத்திரமாகப் பிரித்து எடுத்துப்போய், குட்வுட் பந்தயச் சாலையில் மீண்டும் நிறுத்தி இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் வீரர் ஒருவருக்கும், எழுத்து வராத பட்டறைப் பையன் ஒருவருக்கும் டைரல் தன் காரைக் கொடுத்தாரே, அதே குட்வுட்!